முறையிடத் தகுந்த இடம்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலத்தில், பெரிய துரைசானிக்கு ஊர் நினைப்பு வந்து வாடக்கூடாதே என்று அவளுடைய அண்ணன் கப்பலில் பன்னிரண்டு வெள்ளை வாத்துகளை அனுப்பிவைத்தார். மூன்று வாத்துகள் வழியிலேயே மாலுமிகளின் வயிற்றுக்குள் போயின. மிச்சம் ஒன்பதையும் கோட்டை அகழியில் விட்டார்கள். அகழி நாற்றம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் இரை எடுக்காமல் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. கோட்டை வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் நாடி பார்த்து, தண்ணீரை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அவை ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவுக்கு வந்து சேர்ந்தன.

தோணிரேவிலிருந்து ஏரிக்குள் இறங்க ஒரே ஒரு ஓடைதான் உண்டு. ஊரின் தோணிகள் அத்தனையும் அந்த ஓடையில்தான் கட்டிக் கிடக்கும். வாத்துகள் ஏரியோடு போய்விட்டால் துரைசானிக்கு யார் பதில் சொல்வது என்று, கோட்டை ஆட்கள் ஓடையின் வாயில் கரைக்குக் கரை கழி நட்டு, மூங்கில் பின்னி, ஆளுயரத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். வாத்துகள் உள்ளே நிம்மதியாக நீந்தின. தோணிகளும் உள்ளேயே நின்றன.

அந்த ஊர் மீனவன் எல்லப்பனுக்கு உலாந்தாக்காரர்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வாத்துகள் மேலும் இல்லை. அவனுடைய கவலை எல்லாம் தை அமாவாசை. இறால் வலை போடுகிற நல்ல இடங்களைத் தோணிரேவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இருப்பதிலேயே கொழுத்தது முகத்துவாரத்துப் பாடு. இந்தத் தை அமாவாசையன்று அது எல்லப்பனுக்கு விழுந்திருந்தது. தவறவிட்டால் மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும். அதை நம்பித்தான் மூத்த மகளின் கலியாணத்தை மாசியில் வைத்திருந்தான். ஆனால் மார்கழி பாதி போய்விட்டது, தோணி அசையவில்லை. வீட்டில் பதினைந்து நாளாகக் கரையில் தோண்டிய நண்டில் குழம்பு. பிள்ளைகள் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்துவிடுமோ என்று அவன் மனைவி லோகாம்பாளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஊர் கூடியது. கோட்டைத் திடலில் போய் உட்காருவது என்று நாட்டார் துளசிங்கம் முடிவு சொன்னார். அவர்தான் ஊருக்குப் பெரியதனம். கோட்டை வாசலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே கிடந்த அந்தத் திடலில்தான் ஆட்டுச் சந்தை கூடும், கழைக்கூத்து நடக்கும், சண்டையும் நடக்கும். குறை உள்ளவர்கள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள். நெசவுக்காரர்கள் ஒருமுறை எட்டு நாள் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள், பல்லக்கு போக வழியில்லாமல், பெரிய துரையே இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஆகவே உட்காருவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எழுந்து பேசுவது யார் என்பதில்தான் இழுபறி. எல்லப்பன் அந்த நேரம் பனைமரத்துப் பக்கம் ஒதுங்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவன்தான் ஊருக்குப் பேச்சாள்.

மறுநாள் காலை நாற்பது பேர் திடலில் போய் உட்கார்ந்தார்கள். வாசல் காவலில் இருந்த சிப்பாய் பொன்னுரங்கம் எல்லப்பனுக்கு ஒரு வழியில் மருமகன் முறை. அவன் சங்கடத்தோடு வந்து, இப்போதெல்லாம் இங்கே உட்கார முடியாது, போன மாதத்திலிருந்து இதற்கென்று தனிக் கச்சேரி ஏற்பட்டிருக்கிறது என்றான். முறையீட்டு இடக் கச்சேரி என்று பெயர். அதன் அதிகாரி புளூம் துரை. துரைக்குத் தமிழ் தெரியாது, அவருடைய துபாஷி கேசவனுக்குத் தமிழைத் தவிர எல்லாம் தெரியும் என்று ஊரில் பேச்சு.

கேசவன் குடைபிடிக்க ஓர் ஆள், முழக்கோல் தூக்க ஓர் ஆள், பேரேட்டுக்கு ஓர் ஆள் என்று வெளியே வந்தான். உட்கார்ந்திருந்தவர்களைக் கோலால் அளக்கச் சொன்னான். அளந்து முடிந்ததும் பேசினான்.

“முறையிடுவது உங்கள் உரிமை. கோட்டை அதை மதிக்கிறது. மதிப்பதனால்தான் கண்ட இடத்தில் அதைச் செய்ய விடுவதில்லை.”

எல்லப்பன் எழுந்து கைகட்டினான். “ஓட வாயத் தொறந்து வுட்டா போதும் சாமி. நாங்க பாட்டுக்குப் போயிட்றோம்.”

“அது விஷயம்,” என்றான் கேசவன். “விஷயத்துக்கு நாம் இன்னும் வரவில்லை. இப்போது இடத்தில் இருக்கிறோம்.”

பிறகு விதிகளை விளக்கினான். ஐந்து பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் அது கலகம், பீரங்கி வரும். இருபது பேருக்குக் குறைந்தால் அது ஊர்க் குறை ஆகாது, வீட்டுக் குறை. அதைக் கோட்டை கேட்காது. அப்படியானால் எத்தனை பேர் வரலாம் என்று எல்லப்பன் பணிவாகக் கேட்டான். அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், கப்பல் போய்வரப் பதினான்கு மாதம் ஆகும் என்றும் கேசவன் சொன்னான்.

துளசிங்கம்தான் வழி கண்டுபிடித்தார். நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே இருபது முழம் விட்டு நின்றார்கள். பத்துக் கூட்டமும் திடலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, சுண்ணாம்புக் காளவாய் வரைக்கும் போயின. எல்லப்பன் கடைசிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். அவன் சொல்வதை முன் கூட்டம் வாங்கி அதற்கு முன் கூட்டத்துக்குச் சொல்ல, அப்படியே அது கச்சேரி வாசலை அடைய வேண்டும். வாத்துக்காகப் போட்ட வேலியால் எங்கள் வயிறு காய்கிறது என்று அவன் அனுப்பினான். நடுவில் வளையல்காரன், வண்டிமாடு, ஒரு சாமி ஊர்வலம் எல்லாம் புகுந்து போயின. போய்ச் சேர்ந்தபோது அது வாத்துக்கு வயிறு காய்கிறது என்று ஆகியிருந்தது. கேசவன் எழுதிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் தோணிரேவுக்கு ஒரு மூட்டை நெல்லும் கஷாயமும் வந்தன. வைத்தியர் கூடவே வந்து, வாத்துகள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் திடலில் புல்லுக்கு ஓய்வு என்று கயிறு கட்டிவிட்டார்கள். திடலில் புல் எதுவும் இல்லை. வரப்போகும் புல்லுக்கு ஓய்வாம். முறையிடும் இடம் கல்லறைத் தோட்ட வாசலுக்கு மாற்றப்பட்டது. அங்கே தூணுக்கு ஒன்றாக இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே உறங்குகிறவர்கள் மேன்மக்கள், ஆகையால் குரல் எழும்பக்கூடாது என்று விதி. எல்லப்பனுக்கு இயல்பாகவே குரல் எழும்பாது. அவன் தன் குறையை முழுக்கச் சொல்லி முடித்தபோது பக்கத்தில் நின்ற கேசவனுக்கே கேட்கவில்லை. கேசவன் அசந்துபோய் அவனைத் துரையிடம் அழைத்துப்போனான். இப்படி ஒரு முறையீட்டை இந்தக் கரையில் தான் கேட்டதே இல்லை என்றார் துரை, கேட்காமலேயே. கோட்டை முத்திரை வைத்து, முன்மாதிரி முறையீட்டாளன் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலி என்னவாயிற்று என்று கேட்டான். தாள் இருக்கிறதே என்றார்கள்.

லோகாம்பாளுக்கு இந்தத் தாள் விவகாரம் பிடிக்கவில்லை. அவள் நேராக இடது பக்கத்து எலும்புக்கூட்டின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேலி போட்ட நாளிலிருந்து நண்டுக் குழம்பு வரை ஒன்றுவிடாமல் அதனிடம் சொன்னாள். இத்தனை நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டது இது ஒன்றுதான் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

பிறகு ஒரு சாவு விழுந்ததால் இடம் உப்பளத்துக்குப் போனது. முறையிடுவோரின் கண்ணீரில் உப்பு கரைந்துவிடும் என்று அங்கிருந்து இறைச்சிக் கடைகளின் பின்புறம் போனது. நாய்கள் ஐந்துக்கு மேல் கூடிக் கலகம் ஆனதால் அங்கிருந்தும் போனது. தோணிரேவுக்காரர்கள் தினம் விடியலில் கிளம்பி, இன்றைக்கு எங்கே என்று கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு அலைந்தார்கள். நாள் ஓடிக்கொண்டே இருந்தது. தை பிறந்துவிட்டது.

“இன்னாய்யா இது, எடமா நண்டா?” என்றாள் லோகாம்பாள். “தெனம் ஒரு வளையில போய்ப் பூந்துக்குது.”

எல்லப்பன் அதைக் கொஞ்சம் மரியாதையாக்கி, நிலையான இடம் ஒன்றைக் காட்டும்படி கேசவனிடம் கேட்டுக்கொண்டான். அதற்குத்தான் துரை இரவுபகலாகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்றான் கேசவன். பழவேற்காட்டுப் படத்தில் கோட்டையைக் கெடுக்காத, கடையைக் கெடுக்காத, யார் தூக்கத்தையும் கெடுக்காத ஓர் இடம் வேண்டும். எல்லா இடத்திலும் ஏதாவது வரைந்திருந்தது. கடைசியில் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், ஏரி நடுவில், ஒன்றுமே வரையாத ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி துரையின் கண்ணில் பட்டது. அது ஒரு மணல் திட்டு. தண்ணீர் வற்றும்போது மூன்று நாழிகை தலைகாட்டும், ஏறும்போது முழுகிப்போகும். கொக்குகளே அதை நம்பி நிற்பதில்லை. துரை அதற்கு முறையீட்டுத் திட்டு என்று பெயர் வைத்தார்.

தை அமாவாசைக்கு முந்தின நாள் திறப்பு விழா. முறையிட வருகிறவர்கள் தோணியில்தான் வர முடியும், தோணிகளோ வேலிக்குள் இருந்தன. அதையும் கச்சேரி யோசித்திருந்தது. வேலியில் ஒரு தோணி நுழையும் அகலத்துக்குப் படல் ஒன்று வைத்து, பூட்டுப் போட்டு, சாவியைக் கேசவன் இடுப்பில் செருகிக்கொண்டான். விழாவன்று ஒவ்வொரு தோணியாக வெளியே விட்டுவிட்டு, வாத்துகள் பின்தொடராதபடி உடனே பூட்டிக்கொண்டான். தோணிக்கு நாலு பேர்தான், வலை எடுக்கக்கூடாது.

துரையும், பேரேட்டோடு கேசவனும், பொன்னுரங்கமும் கோட்டைப் படகில் வந்து திட்டில் இறங்கினார்கள். முறையிடும் இடம் என்று எழுதிய பலகையை நட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரு பலகைக்குமே திட்டு சரியாகப் போய்விட்டது. தோணிகள் சுற்றி நின்றன. படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தை, கயிறு பிடித்த கை மரியாதைக் குறைவு என்று கேசவன் விறைப்பாக நிற்கச் சொன்னான். அவன் கயிற்றை விட்டுவிட்டு விறைப்பாக நின்றான்.

துரை சுருளை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். கேசவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் முழங்கினான்.

“மக்களின் குரல் எங்களுக்கு விலைமதிப்பில்லாதது. விலைமதிப்பில்லாத பொருளை யாரும் வாசலில் போட்டுவைப்பதில்லை. கைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைப்பார்கள்.”

அமாவாசைக்கு முந்தின நாள் கடல் எவ்வளவு வேகமாக முகத்துவாரத்துக்குள் ஏறும் என்று தோணியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லப்பன் துரையின் பாதத்தைப் பார்த்தான். பாதம் தெரியவில்லை.

“தண்ணி ஏறுது சாமி,” என்றான்.

கேள்விகள் கடைசியில் என்று கேசவன் கையை உயர்த்தினான்.

“திடலில் நீங்கள் முறையிட்டபோது அது எங்கள் காதில் விழுந்துவிடும் அபாயம் இருந்தது. விழுந்தால் பதில் சொல்ல வேண்டிவரும். அவசரமாகச் சொல்லும் பதில் நீதிக்கு விரோதம். இங்கே அந்த அபாயம் இல்லை. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் உங்களைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். யாருமே இருக்க மாட்டார்கள்.”

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கோட்டைப் படகு மெல்லத் திரும்பி, விழாவில் தனக்கு வேலை முடிந்ததுபோலத் தனியாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. எல்லப்பன் மறுபடி வாய் திறந்தான். உன் முறை வரும் என்றான் கேசவன். துரைக்குக் கால் சில்லென்று ஆனது தெரியாமல் இல்லை. ஆனால் உரையை நடுவில் நிறுத்தினால் அது நிகழ்ந்ததாகப் பேரேட்டில் ஏறாது.

“நான் நிற்கும் இந்த உறுதியான நிலத்தைப் போல எங்கள் வாக்கும்,” என்று கேசவன் ஆரம்பித்தபோது துரை இடுப்பளவில் இருந்தார். குள்ளமான கேசவனுக்கு மார்பளவு. பேரேட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் அவன் வேட்டியை அவிழ்த்தது. வேட்டியைப் பிடிப்பதா பேரேட்டைப் பிடிப்பதா என்று ஒரு கணம் தவித்தான். கச்சேரி ஊழியன் ஆகையால் பேரேட்டைப் பிடித்தான். வேட்டி போனது, அதோடு சாவியும் போனது. பலகை பிடுங்கிக்கொண்டு அதன் பின்னால் போனது.

துரை அப்போதுதான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். சுற்றிலும் ஏரி. ஏழு கடல் தாண்டி வந்த மனிதருக்கு நீந்தத் தெரியாது. உரையில் இல்லாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அதைக் கேசவன் மொழிபெயர்க்கவில்லை. அவனும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தான்.

எல்லப்பன் யோசிக்கவில்லை. கழியை ஊன்றித் தோணியை நேராக விட்டு, துரையின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். அடுத்த இழுப்பில் பேரேடு வந்தது, அதன் அடியில் கேசவன் வந்தான். பொன்னுரங்கம் கழுத்துவரை தண்ணீரில் இன்னும் விறைப்பாகவே நின்றான். அவனைத் துளசிங்கம் தூக்கிக்கொண்டார். எல்லப்பனின் தோணியில் வந்திருந்த லோகாம்பாள் தன் மேல்துண்டை எடுத்துக் கேசவனிடம் நீட்டிவிட்டு, முகத்தை முகத்துவாரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோட்டைக்குப் போவதானால் எதிர்காற்றில் ஐந்து நாழிகை கழி போட வேண்டும். துரையின் உதடு நீலமாகியிருந்தது. பக்கத்துக் கரை தோணிரேவுதான். தோணிகள் எல்லாம் ஓடையின் வாய்க்கு வந்து நின்றன. உள்ளேயிருந்து ஒன்பது வாத்துகளும் வேலி ஓரம் கூடி வேடிக்கை பார்த்தன.

ஏன் நின்றுவிட்டோம் என்று துரை பல் கிடுகிடுக்கக் கேட்டார். வேலி என்றான் கேசவன். எந்த முட்டாள் போட்டது என்றார் துரை. தங்கள் உத்தரவுதான் என்றான் கேசவன். திறக்கச் சொன்னார். சாவி வேட்டியோடு போய்விட்டது. வெட்டச் சொன்னார். கேசவன் தயங்கி, வேலி சம்பந்தமான கோரிக்கை எதையும் முறையிடும் இடத்தில் தவிர வேறெங்கும் வைக்க விதியில்லை என்று நினைவூட்டினான். துரை திரும்பிப் பார்த்தார். முறையிடும் இடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

எல்லப்பன் மெதுவாகச் சொன்னான்: “ஒரு மாசமா இதத்தான் சாமி நாங்களும் சொல்லிக்கினு கீறோம்.”

அதைக் கேசவன் மொழிபெயர்த்தானோ இல்லையோ, துரை எழுந்து நின்று, தோணி ஆட ஆட, வேலியைக் கையால் காட்டி ஒரே ஒரு வார்த்தை கத்தினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒன்றரை மாதம் காத்திருந்த கைகள். கண்மூடித் திறப்பதற்குள் கழி ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம். தோணிகள் உள்ளே புகுந்தன. வாத்துகள் வெளியே புகுந்தன. ஒன்றன் பின் ஒன்றாக ஏரிக்குள் இறங்கி, சிறகை ஒருமுறை அடித்துப் பார்த்து, தெலுங்குக் கரையைப் பார்க்கப் போய்விட்டன. கரையில் துரைக்கு லோகாம்பாள் சுடச்சுட நண்டுக் குழம்பு ஊற்றினாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

நனையாத பேரேட்டில் கேசவன் அன்றே எழுதினான்: உரிய இடத்தில், உரிய முறையில் மக்களின் குறை கேட்கப்பட்டு அங்கேயே தீர்க்கப்பட்டது. வாத்துகளைப் பற்றிப் பெரிய துரைசானி ஆள் விட்டுக் கேட்டபோது, அவற்றுக்கும் குறைகள் இருந்ததாகவும், முறையிடுவதற்காக அவை கிளம்பிப் போயிருப்பதாகவும், தகுந்த இடம் கிடைத்ததும் திரும்பிவிடும் என்றும் கச்சேரி பதில் அனுப்பியது. துரைசானி அதை நம்பினாளா என்று தெரியவில்லை. வாத்துகளை நன்றாக அறிந்தவள் அவள்.

அமாவாசையன்று எல்லப்பன் தன் முகத்துவாரத்துப் பாட்டில் வலை இறக்கினான். அந்த இறாலைப் பற்றித் தோணிரேவில் வெகுநாள் பேசினார்கள். ஒவ்வொரு வருஷமும் அது அரை விரற்கடை வளர்ந்தது. மாசியில் கலியாணம் நடந்தது.

தண்ணீரில் முறையிடுவது அதிகாரிகளின் உயிருக்கு ஆபத்து என்று கண்டு, கச்சேரி இடத்தை மறுபடி கோட்டைத் திடலுக்கே மாற்றிவிட்டது. இந்த முறை உத்தரவு கண்டிப்பாக இருந்தது: திடல் முழுவதும் முறையிடுவோருக்கு மட்டும்.

பங்குனி வெயிலில் எல்லப்பன் கடைத்தெருவில் கருவாடு கொடுத்துவிட்டுத் திரும்பினான். கால் ஓய்ந்தது. காலிக் கூடையை வைத்துவிட்டுத் திடலில் உட்கார்ந்தான். பொன்னுரங்கம் வந்தான்.

“இன்னா கொற மாமா?”

“ஒண்ணும் இல்லப்பா. நல்லா கீறேன்.”

“கொற இல்லாதவங்க இங்க ஒக்காரக் கூடாதுன்னு உத்தரவு மாமா. எந்திரி.”

எல்லப்பன் கூடையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“எந்திரின்ற பாரு,” என்றான். “அதான் கொற.”

பொன்னுரங்கம் அதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே வெகுநேரம் புத்தகங்கள் புரளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் ஒரு பணிவு இருந்தது.

“எழுதிக்கினாங்க மாமா. விசாரண முடியிற வரிக்கும் கொறக்காரன் எடத்த வுட்டுப் போவக் கூடாதாம்.”

கருவாட்டுக்காரிகள் இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, தங்களுக்கும் அதே குறைதான் என்று கூடையை இறக்கினார்கள். பின்னால் நெசவுக்காரர்கள் வந்தார்கள். பிறகு ஒரு கழைக்கூத்தாடியும் அவன் குரங்கும் வந்தார்கள். வெயில் தாழ்வதற்குள் திடலில் கால் வைக்க இடமில்லை. பெரிய துரையின் பல்லக்கு கோட்டை வாசலில் வந்து நின்றது. போக வழியில்லாமல் நின்றுகொண்டே இருந்தது. எல்லப்பன் துண்டை விரித்துச் சாய்ந்துகொண்டான்.